பொதுநோக்கு மண்டபத்துக்கு யார் முதலில் வந்தார்: வன்னிப் பிரதேச சபையொன்றில் அரசியல் குழுக்களுக்கான இட ஒதுக்கீடு

இந்த ஆய்வு இலங்கையின் வடக்கே வன்னியிலுள்ள ஒரு பிரதேச சபையில் (கிராமப்புற உள்ளூராட்சி மன்றம்) நடந்ததைப் பதிகிறது. சபையின் பெயர் தரப்படவில்லை. கட்சிகளும் ஆட்களும் அவர்கள் வகித்த பொறுப்பைக் கொண்டே குறிக்கப்படுகின்றனர். அடையாளம் வெளிப்படாதிருக்கச் சில சிறு விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. மண்டபத்தையும் மைதானத்தையும் எந்தக் குழுவுக்கு, எந்தத் திகதியில், என்ன கட்டணத்தில் கொடுப்பது என்பதே பிரச்சினை. உள்ளூராட்சி மன்றங்களில் பணிபுரிவோருக்கும் அங்கு இடம் கேட்டுப் போகும் அமைப்புகளுக்கும் பயன்படும் என்பதால் நடைமுறை விவரங்கள் விரிவாகத் தரப்படுகின்றன.

பின்னணி

2018 பெப்ரவரி 10 இல் நடந்த உள்ளூராட்சித் தேர்தல், 60 வீத உறுப்பினர் வட்டார முறையிலும் 40 வீதத்தினர் விகிதாசார முறையிலும் தெரிவாகும் புதிய கலப்பு முறையில் நடந்த முதல் தேர்தல். பல சபைகளில் எந்தத் தரப்புக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. இந்தச் சபையும் அப்படித்தான். அதிக ஆசனம் பெற்ற தமிழ்க் கட்சி வேறொரு தரப்பின் ஆதரவோடு தவிசாளர் பதவியைப் பெற்றது. எதிரே இன்னொரு தமிழ்க் கட்சி, ஒரு தேசியக் கட்சியின் உள்ளூர்க் கிளை, ஒரு சுயேச்சைக் குழு என மூன்று தரப்புகள் இருந்தன. ஆசனக் கணக்கு நெருக்கமாக இருந்ததால் ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு மேடையும் அடுத்த தேர்தலுக்கான முதலீடாகவே பார்க்கப்பட்டது.

சபையிடம் இருந்த வசதிகள்: சுமார் 300 பேர் அமரக்கூடிய பொதுநோக்கு மண்டபம், பார்வையாளர் அரங்குடன் ஒரு விளையாட்டு மைதானம், சந்தை வளாகத்தின் திறந்த முற்றம், நூலகத்தின் மேல்மாடிச் சிறு அறை. இவற்றோடு பிளாஸ்ரிக் கதிரைகள், உழவு இயந்திரம், தண்ணீர் பவுசர் (தாங்கி வண்டி) ஆகியவையும் வாடகைக்குக் கொடுக்கப்பட்டன. மண்டபத்தைப் பற்றியே எல்லோரும் பேசினாலும் கோடையில் திறந்தவெளிக் கூட்டம் வைக்க நினைப்பவருக்குப் பவுசர் இல்லையென்றால் கூட்டமே இல்லை. தனியார் மண்டபம் அந்தப் பகுதியில் ஒன்றே இருந்தது. அது திருமணங்களுக்கானது, வாடகையும் சபை மண்டபத்தைப் போல் பல மடங்கு. ஆகவே சபை மண்டபம் கிடைக்காத குழு கோயில் வீதியிலோ மரநிழலிலோதான் கூட வேண்டியிருந்தது.

நாளும் நேரமும் கூட வளம்தான். பெரும்போக அறுவடை முடியும்வரை வயற்சனம் கூட்டத்துக்கு வராது. பங்குனி, சித்திரை, வைகாசிச் சனிக்கிழமைகளே பெறுமதியானவை. அவற்றிலும் பிற்பகல் 2 முதல் 5 வரையான நேரம் மட்டுமே உள்வட்டாரப் பெண்கள் வந்து திரும்பக்கூடியது. அதற்குப் பிறகு பேருந்து இல்லை. ஒரு குழுவுக்கு மண்டபத்தை மாலை 6 மணிக்குக் கொடுப்பதென்றால் அந்தக் குழுவின் கூட்டத்திலிருந்து பெண்களில் பெரும்பகுதியை வெட்டிவிடுவதாகவே பொருள்.

நடந்தது என்ன

2018 யூலையில் சுயேச்சைக் குழுவின் உறுப்பினர் ஒருவர், பயிர்ச்செய்கைக் காணிகள் தொடர்பான மக்கள் சந்திப்புக்காக ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை மண்டபம் கேட்டார். முன்மேசையில் கிடைத்த பதில்: “அந்தத் திகதி ஏற்கனவே குடுத்தாச்சு ஐயா.” யாருக்கு என்று சொல்லப்படவில்லை. அந்தச் சனிக்கிழமை மண்டபம் பூட்டியே கிடந்தது. அடுத்த சனிக்கிழமைக்குக் கேட்டபோதும் அதே பதில். அன்று ஆளும் தரப்பின் இளைஞர் அணிக் கூட்டம் நடந்தது.

அதே மாதத்தில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் சிலர் நூலக அறையில் ஓர் உள்ளகச் சந்திப்புக்கு இடம் கேட்டனர். அவர்களிடம், “பொலிஸ் கடிதம் கொண்டு வாங்கோ அம்மா, பிறகு பாப்பம்” என்று சொல்லப்பட்டது. பொலிஸ் நிலையத்தில், முதலில் மண்டபம் ஒதுக்கிய கடிதத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். இரண்டு அலுவலகங்களுக்கும் இடையே இரு வாரங்கள் நடந்த பின் அவர்கள் கேட்பதை விட்டுவிட்டார்கள். ஆளும் தரப்பிடமோ எதிர்க்கட்சியிடமோ பொலிஸ் கடிதம் கேட்கப்பட்டதாகப் பதிவு எதுவும் இல்லை.

எதிர்க்கட்சிக்குச் செப்ரெம்பரில் மண்டபம் கிடைத்தது, ஆனால் மாலை 5.30 க்கு. கூட்டம் முடிந்து மறுவாரம், சுவரில் பசை பூசிச் சுவரொட்டி ஒட்டியதாகக் கூறி 10,000 ரூபா வைப்புப் பணம் முழுவதும் பிடிக்கப்பட்டது. சுவரொட்டி யாருடையது, எப்போது ஒட்டப்பட்டது, சுத்தம் செய்ய எவ்வளவு செலவானது என்பதற்கு எழுத்தில் எதுவும் இருக்கவில்லை.

டிசெம்பர் இறுதியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வந்தபோது மண்டபம் இடம்பெயர்ந்தோருக்கான தங்குமிடமாயிற்று. அது சரியான முடிவு, யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த வாரங்களில் பதிந்திருந்த மூன்று தரப்பில் ஒருவருக்கு மட்டும் மாற்றுத் திகதி தானாகக் கிடைத்தது. மற்ற இருவரும் கட்டணத்தைத் திரும்பப் பெறவே பலமுறை போக வேண்டியிருந்தது.

2019 தைப்பொங்கல் விழாதான் பிரச்சினையை வெளியே கொண்டுவந்தது. சபை நிதியில், சபை மைதானத்தில் நடந்த விழா அது. அழைப்பிதழில் ஒரு தரப்பு உறுப்பினர்களின் பெயர்கள் மட்டும் இருந்தன. அவர்களே மங்கள விளக்கேற்றினர், அவர்களே மேடையில் அமர்ந்தனர். வரவேற்பு வளைவில் கட்சி நிறம் இருந்தது. எதிர்த்தரப்பு உறுப்பினர்கள் பாதியில் எழுந்து போனார்கள். அடுத்த மாதாந்த அமர்வு கூச்சலில் முடிந்தது.

பதிவேட்டில் காணப்பட்டவை

சுயேச்சைக் குழு நீதிமன்றம் போகவில்லை. அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை அரசியல் கருத்தின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. 14(1) ஆம் உறுப்புரை அமைதியாக ஒன்றுகூடும் உரிமையைத் தருகிறது. ஆனால் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்ய ஒரு மாத கால எல்லை உண்டு. கொழும்புக்குப் போகும் செலவு வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, மறுப்பு வாய்மொழியாக இருந்தது. எழுத்தில் இல்லாத மறுப்பை எதிர்த்து வழக்காடுவது கடினம்.

அவர்கள் 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தார்கள். ஏன் மறுத்தீர்கள் என்று கேட்டிருந்தால் விளக்கக் கடிதம் ஒன்றே வந்திருக்கும். அவர்கள் கேட்டது ஆவணம்: ஏப்ரல் 2018 முதல் மண்டப முன்பதிவுக் குறிப்பேட்டின் பிரதிகள், அந்தக் காலத்துக்கான மண்டப வாடகைப் பற்றுச்சீட்டுகளின் இலக்கமும் தொகையும், கட்டண விலக்கு அளித்த ஆவணங்கள், பிடிக்கப்பட்ட வைப்புப் பணங்களின் பட்டியல். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்குள்ளேயே பெரும்பகுதி கிடைத்தது.

முன்பதிவுக் குறிப்பேட்டையும் பற்றுச்சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் நடைமுறை எப்படி இயங்கியது என்பது தெளிவாயிற்று. முன்பதிவுக் குறிப்பேடு என்பது ஒரு மேசை நாட்குறிப்பு. தவிசாளருக்கோ ஆளும் தரப்பு உறுப்பினருக்கோ தொலைபேசி வந்தால், உத்தியோகத்தர் அந்தத் திகதியில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். கோட்டின் அருகே பெயரும் இல்லை, நேரமும் இல்லை. பணம் கட்டப்படும்போதுதான் அது பேனாவாகும். கட்டாவிட்டால் அழிக்கப்படும். சுயேச்சைக் குழு கேட்ட முதல் சனிக்கிழமையில் அழித்த தடம் இருந்தது. அந்தத் திகதிக்குச் சிறாப்பரிடம் (சபையின் காசாளர்) எந்தப் பற்றுச்சீட்டும் இல்லை. அதாவது அந்தத் திகதி யாருக்கும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை, யாரோ பிடித்து மட்டும் வைத்திருந்தார்கள்.

கட்டண விலக்குகளில் பெரும்பகுதி விளையாட்டுக் கழகங்களின் பெயரில் இருந்தது. ஆனால் அந்தத் திகதிகளில் மண்டபத்தில் நடந்தவை கட்சிக் கூட்டங்கள் என்பது ஊரறிந்த விடயம். விலக்கு அளிப்பதற்கான சபைத் தீர்மானம் எதுவும் காட்டப்படவில்லை. “தவிசாளரின் வாய்மொழி அனுமதி” என்ற குறிப்பு மட்டும் இருந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த உத்தியோகத்தரைக் குற்றவாளியாக்குவது தவறு. பென்சில் கோடு அவர் கண்டுபிடித்ததல்ல. அதற்கு முன்பிருந்தவரிடமிருந்து வந்தது. தொலைபேசியில் கேட்பவர் தன் இடமாற்றத்தைத் தீர்மானிக்கக்கூடியவர் என்ற நிலையில், எழுத்து விதி எதுவும் கையில் இல்லாத ஒருவர் “முடியாது” என்று சொல்ல இயலாது. பொலிஸ் கடிதம் கேட்டதற்கும் அச்சமே காரணம். கூட்டம் ஒன்று முடிந்தபின் புலனாய்வாளர்கள் வந்து யார் பதிந்தது, எந்தத் தொலைபேசி இலக்கம் என்று விசாரிப்பது வன்னியில் புதிதல்ல. அந்தக் கேள்விகளுக்குத் தனியே முகம் கொடுக்க விரும்பாதவர் பொறுப்பைப் பொலிஸிடம் தள்ளினார்.

சட்டம் உண்மையில் கேட்பது குறைவு. பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77 ஆம் பிரிவின்படி பொது இடத்தில் ஊர்வலம் போவதானால் குறைந்தது ஆறு மணித்தியாலத்துக்கு முன் அருகிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். ஒலிபெருக்கி பயன்படுத்த 80 ஆம் பிரிவின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும்; உயர் நீதிமன்றத்தின் 2007 ஆம் ஆண்டுக் கட்டளைப்படி இரவு 10 முதல் காலை 6 வரை அது கிடைக்காது. அறைக்குள், ஒலிபெருக்கி இல்லாமல், சாதாரண காலத்தில் இருபது தாய்மார் கூடிப் பேச யாரிடமும் கடிதம் வாங்க வேண்டியதில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆவணப் பிரதிகள் 2019 பெப்ரவரி அமர்வில் முன்வைக்கப்பட்டன. உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கும் ஒரு பிரதி அனுப்பப்பட்டிருந்தது. தவிசாளர் முதலில் எதிர்த்தார். பின்னர், ஒவ்வொரு வாரமும் தன் கட்சிக்காரரே தன்னிடம் மண்டபத்துக்காக வந்து நிற்பதிலிருந்து தானும் விடுபடலாம் என்று ஒத்துக்கொண்டார். செயலாளர், ஒவ்வொரு தரப்பிலிருந்தும் ஓர் உறுப்பினர், நூலகர் ஆகியோர் அடங்கிய குழு வரைவைத் தயாரித்தது. மார்ச் அமர்வில் அது தீர்மானமாக நிறைவேறியது.

முதல் மாற்றம் பதிவேடு. பக்க இலக்கம் அச்சிட்ட, தைத்துக் கட்டிய புத்தகம். பேனாவால் மட்டும் எழுத வேண்டும். பிழையானால் ஒற்றைக் கோடு போட்டுச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். விண்ணப்பம் முன்மேசைக்கு வந்த திகதியும் மணியும் எழுதப்பட்டு, காபன் பிரதி விண்ணப்பதாரர் கையில் கொடுக்கப்படும். தொலைபேசியில் பதிவு இல்லை, தவிசாளருக்கும் இல்லை. பதிந்த பின் மூன்று வேலை நாட்களுக்குள் பணம் கட்டாவிட்டால் திகதி தானாக விடுபடும். நிகழ்வுக்கு 60 நாட்களுக்கு முன்னர்தான் பதிவு திறக்கும். அதற்கு முன் திறந்தால் பணமுள்ள தரப்பு முழு ஆண்டின் சனிக்கிழமைகளையும் வாங்கிவிடும். ஒரு குழுவுக்கு மாதத்தில் இரண்டு வார இறுதி நாட்களுக்கு மேல் இல்லை. திறக்கும் நாளன்றே ஒரே திகதிக்கு இருவர் கேட்டால் இருவர் முன்னிலையிலும் திருவுளச்சீட்டு.

நேரம் மூன்று கூறாக்கப்பட்டது: காலை 8 முதல் 12, பிற்பகல் 1 முதல் 5, மாலை 5.30 முதல் 9.30. ஒரு குழு ஒரு மாதத்தில் ஒரு பிற்பகலை எடுத்தால், அதன் இரண்டாவது பதிவு வேறு கூறில் இருக்க வேண்டும். பேருந்து நேரத்தை மனதில் கொண்டு சுயேச்சைக் குழுவின் பெண் உறுப்பினர் வலியுறுத்திச் சேர்த்த விதி இது. மற்ற எல்லா விதிகளையும்விட இதன் விளைவு பெரிதாக இருந்தது.

கட்டணத்தில் நீண்ட வாதம் நடந்தது. சமூக அமைப்புகளுக்கு அரைக்கட்டணம், அரசியல் கூட்டத்துக்கு முழுக்கட்டணம் என்பதில் எல்லோரும் உடன்பட்டார்கள். எது அரசியல் என்பதை யார் தீர்மானிப்பது? விண்ணப்பப் படிவத்தில் பேச்சாளர் பெயரும் தலைப்பும் கேட்கலாம் என்று ஒரு தரப்பு சொன்னது. அப்படிக் கேட்டால் உத்தியோகத்தர் தலைப்பைப் பார்த்து அனுமதிக்கும் நிலை வரும். படிவம் வேறு கைகளுக்குப் போனால் பேச்சாளருக்கு ஆபத்தும் வரலாம். முடிவில் தலைப்பு கேட்கப்படவில்லை. பதிலாக, நிகழ்வன்று மண்டபத்தில் கட்சிக் கொடியோ சின்னமோ வேட்பாளர் பெயரோ காட்சிப்படுத்தப்பட்டால் முழுக்கட்டணத்துக்கான மீதி வைப்புப் பணத்திலிருந்து கழிக்கப்படும் என்று விதிக்கப்பட்டது. கண்ணால் காணக்கூடிய ஒன்றை அளவுகோலாக்கியது சரியான வழி என்பதே எமது மதிப்பீடு. தலைப்பைக் கேட்கும் சபை, நாளடைவில் தலைப்பைத் தீர்ப்பிடும் சபையாகும்.

கட்டண விலக்கு பாடசாலை, மருத்துவ முகாம், அனர்த்த நிவாரணம் என்ற மூன்றுக்கு மட்டும் என்று சுருங்கியது. தவிசாளரின் விலக்கு அதிகாரம் நீக்கப்பட்டது.

வைப்புப் பணத்துக்கு, திறப்புக் கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் இரு தரப்பும் கையொப்பமிடும் ஒரு பக்கச் சரிபார்ப்புத் தாள் வந்தது: கதிரை எண்ணிக்கை, மின்விசிறிகள், ஒலிவாங்கி, மலசலகூடத் தண்ணீர்க் குழாய்கள், நான்கு சுவர்களின் நிலை. முன்னும் பின்னும் கைத்தொலைபேசியில் சுவர்ப் படம் எடுக்கப்படும். உடைந்த கதிரைக்கு எவ்வளவு, பசை உரித்துச் சுவர் பூசச் சதுர மீற்றருக்கு எவ்வளவு என்று விலைப்பட்டியல் கதவில் ஒட்டப்பட்டது. மிகுதி ஏழு வேலை நாட்களுக்குள் திரும்ப வேண்டும்.

மறுப்பு எழுத்தில் மட்டுமே. ஏற்கக்கூடிய காரணங்கள் நான்கு: திகதி நிரம்பியது, பழைய சேதத்துக்கான பணம் நிலுவையில் உள்ளது, மண்டபம் திருத்தத்தில் உள்ளது, அனர்த்தம் அல்லது வாக்கெடுப்புப் பணிக்கு எடுக்கப்பட்டுள்ளது. “பாதுகாப்புக் காரணம்” என்பது பட்டியலில் இல்லை. அப்படியொரு காரணத்தைப் பொலிஸார் எழுத்தில் தந்தால் அக்கடிதத்தின் பிரதி விண்ணப்பதாரருக்குக் கொடுக்கப்படும். அனர்த்தத்துக்காக இரத்தானால் முழுப்பணமும், மண்டபம் திறந்ததும் பழைய வரிசைப்படியே அடுத்த திகதிகளும்.

சபை விழாக்களுக்கான விதி சுருக்கமானது. அழைப்பிதழில் எல்லா உறுப்பினர் பெயரும் வட்டார இலக்க ஒழுங்கில், பட்டியல் உறுப்பினர்கள் (விகிதாசார முறையில் வந்தவர்கள்) அவர்களுக்குப் பின். மேடையில் தவிசாளரும் பதவி வழியான விருந்தினரும் மட்டும். உறுப்பினர் அனைவருக்கும் முதல் வரிசை. அலங்காரத்தில் எந்தக் கட்சியின் நிறச் சேர்க்கையும் இல்லை. விளக்கேற்ற ஊர் முதியோர் இருவர்.

பெயர்களைப் பாதுகாத்தல்

இது தனித் தலைப்புக்குரியது. திறந்த பதிவேடு நியாயத்துக்குத் தேவை. ஆனால் வன்னியில் தன் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எல்லோரும் பார்க்கும் புத்தகத்தில் இருப்பதை விரும்பாதவர் பலர், அதற்குக் காரணமும் உண்டு. தாய்மார் குழு இதை நேரடியாகவே சொன்னது: பெயர் எழுத வேண்டுமென்றால் கோயில் மண்டபமே போதும்.

ஆகவே பதிவு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும் மாதாந்தத் தாளில் திகதி, நேரக் கூறு, குழுவின் பெயர், செலுத்திய கட்டணம், பற்றுச்சீட்டு இலக்கம் ஆகியவை மட்டும். விண்ணப்பதாரரின் பெயர், அடையாள அட்டை, தொலைபேசி ஆகியவை தனிக் கோவையில், செயலாளரின் அலுமாரியில். வெளியார் யார் கேட்டாலும், சீருடையிலோ சிவில் உடையிலோ வந்தாலும், பொறுப்பதிகாரியின் கையொப்பமிட்ட கடிதம் இருந்தால் மட்டுமே செயலாளர் பரிசீலிப்பார். கேட்ட விவரமும் பதிவாகும். தகவலுக்கான உரிமைச் சட்டமே தனிப்பட்ட தகவலுக்கு விலக்களிப்பதால் இந்தப் பிரிப்பு சட்டத்துக்கும் பொருந்தியது. முன்மேசை உத்தியோகத்தருக்கு இது பெரும் நிம்மதி. “கோவை செயலாளரிட்ட இருக்கு” என்ற ஒரு வசனம் அவருக்குப் போதுமாயிற்று.

பின்னர் நடந்தவை

விதிகள் நடைமுறைக்கு வந்து சில வாரங்களில் 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்கள் நடந்தன. ஓகஸ்ட் வரை அவசரகாலச் சட்டம் இருந்தது. முதல் மாதங்களில் எந்தக் கூட்டமும் நடக்கவில்லை. சபை எல்லாப் பதிவுகளையும் ஒரே நாளில் இரத்துச் செய்து முழுப்பணத்தையும் திருப்பியது. வரிசையை அப்படியே வைத்திருந்தது. எல்லோருக்கும் ஒரே முடிவு என்பதால் முறைப்பாடு வரவில்லை.

உண்மையான சோதனை அந்த ஆண்டின் சனாதிபதித் தேர்தல். ஒக்டோபர் 7 இல் நியமனப் பத்திரம், நவம்பர் 16 இல் வாக்களிப்பு. ஒக்டோபர் வாசிப்பு மாதம் என்பதால் வார நாட்களின் காலைக் கூறுகள் ஏற்கனவே நூலகத்துக்குப் போயிருந்தன. மிஞ்சிய வார இறுதிகளுக்கு நெருக்கடி. தேர்தல் காலத்தில் அரச உடைமைகளின் பயன்பாட்டைத் தடைசெய்ய அரசியலமைப்பின் 104ஆ உறுப்புரை தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் தருகிறது; எனவே செயலாளர் நியமன நாளுக்கு முன்பே மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்குத் தம் விதிகளை அனுப்பி எழுத்தில் வழிகாட்டல் கேட்டார். எல்லாத் தரப்புக்கும் சமமாக, கட்டணத்துடன் என்ற அடிப்படையில் ஒதுக்கீடு தொடர்ந்தது. இந்தக் கடிதம் முக்கியம். நியமன நாளுக்குப் பிறகு கேட்டிருந்தால் பதில் வருமுன் பாதிச் சனிக்கிழமைகள் போயிருக்கும்.

நவம்பர் 9, வாக்களிப்புக்கு முந்திய கடைசிச் சனிக்கிழமை. அதன் பிற்பகலுக்கு மூன்று தரப்புகள் பதிவு திறந்த அன்றே விண்ணப்பித்தன. சீட்டுத் தேசியக் கட்சியின் கிளைக்கு விழுந்தது. ஆளும் தரப்பின் தொண்டர்கள் கோபப்பட்டார்கள். தவிசாளர் சீட்டை மாற்றவில்லை. அதன்பின் முறையில் நம்பிக்கை வந்தது என்று பல தரப்பினரும் குறிப்பிட்டார்கள்.

சரிவராதவையும் உண்டு. மாத உச்சவரம்பைத் தாண்டக் கட்சிகள் மகளிர் அணி, இளைஞர் அணி, தொழிற்சங்கம் எனப் பல பெயர்களில் பதிந்தன. பதிவை வேறொருவருக்கு மாற்ற முடியாது என்ற விதி இதைக் குறைத்தது, நிறுத்தவில்லை. பதிந்துவிட்டு வராமலிருப்பது இன்னொரு தந்திரம்: எதிராளிக்குத் திகதி கிடைக்காமல் செய்வது. 48 மணித்தியாலத்துக்கு முன் இரத்துச் செய்யாவிட்டால் வைப்புப் பணத்தில் பாதி போகும் என்று பின்னர் சேர்க்கப்பட்டது. பணமுள்ள தரப்புக்கு அது பெரிய இழப்பல்ல. மைதானத்தில் நிலைமை மோசம்: அரசியல் கூட்டங்கள் ஒழுங்கானதும் விளையாட்டுக் கழகங்களின் மாலைப் பயிற்சி நேரம் சுருங்கியது. அவற்றுக்கு வாரத்தில் நான்கு மாலைகள் ஒதுக்கியபின்தான் அமைதி வந்தது. பவுசர் விடயம் கடைசிவரை முழுதாகத் தீரவில்லை. குடிநீர் விநியோகத்துக்கே அது போதாதபோது கூட்டத்துக்கு முன்பதிவு செய்வதில் அர்த்தமில்லை. “அன்று காலை இருந்தால் கொடுக்கப்படும்” என்பதே விதியாயிற்று, அந்தக் காலையில் முடிவெடுப்பவர் சாரதிதான்.

தாய்மார் குழு அறையைப் பெற்றது. மாதத்தின் முதல் செவ்வாய் காலை, அரைக்கட்டணம், பொலிஸ் கடிதம் இல்லை.

இப்போது மாற்ற வேண்டியவை

2023 மார்ச் 19 இல் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தல் பின்போடப்பட்டு 2025 மே 6 இல்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் செயலாளர் பொறுப்பில் சபை இயங்கியது. பதிவேடும் காபன் பிரதியும் தொடர்ந்தன, ஏனெனில் அவை அலுவலகப் பழக்கமாகிவிட்டன. ஆனால் திருவுளச்சீட்டும் நேரக் கூறு விதியும் நழுவின. புதிய செயலாளர் வந்தபோது அவருக்குக் கிடைத்தது 2019 மார்ச் கூட்ட அறிக்கையின் ஒரு பக்கம் மட்டும்.

காரணம் தெளிவு. விதிகள் சபைத் தீர்மானமாகவே இருந்தன. தீர்மானத்தை அடுத்த தீர்மானம் நீக்கலாம். அமைதியாக மறந்தும் விடலாம். உபவிதியாக (சபை ஆக்கும், சட்ட வலுவுள்ள விதி) வரைந்து, மாகாண மட்ட அங்கீகாரம் பெற்று, வர்த்தமானியில் வெளியிட்டிருந்தால் நிலைத்திருக்கும். அப்போது அது தவிர்க்கப்பட்டதற்குக் காரணம் இருந்தது: 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்திருந்தது, அங்கீகாரம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்திருக்கலாம்: தீர்மானத்தால் உடனே தொடங்கி, உபவிதி வரைவை அதே வாரத்தில் அனுப்புவது. இதைப் பின்பற்ற நினைக்கும் சபைகள் அப்படியே செய்ய வேண்டும்.

உச்சவரம்பைக் குழுவின் பெயரில் கணக்கிடாமல், பணம் கட்டும் பொறுப்பாளரின் பெயரிலும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். தனிக் கோவையில் அந்த விவரம் ஏற்கனவே இருக்கிறது. வராமலிருந்தால் பணத்தைப் பிடிப்பதற்குப் பதிலாக அடுத்த இரண்டு மாதப் பதிவுரிமையை நிறுத்துவது எல்லோருக்கும் சமமாக வலிக்கும்.

கடைசியாக, மண்டபத்தின் வாசலில் நான்கு படிகள். சாய்தளம் இல்லை. போரில் காலிழந்தவர்கள் எல்லாத் தரப்பிலும் இருக்கும் ஊரில், சீட்டு விழுந்த குழுவின் உறுப்பினரைக் கதிரையோடு தூக்கித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டியிருந்தது. சரிபார்ப்புத் தாள் எழுதிய குழு சுவர்ப் பசைக்கு விலை போட்டது, இதைப் பார்க்கவில்லை. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில், டிசெம்பருக்கு முன், சாய்தளத்துக்கும் கைப்பிடியுள்ள மலசலகூடம் ஒன்றுக்கும் நிதி ஒதுக்கப்பட வேண்டும்.